விழுந்தவர்கள் திரும்பி வந்தபோது: பாடுகளும் மனந்திரும்புதலும்

எகிப்தில் கிடைத்த ஒரு பாப்பிரஸ் துண்டு. தேதி 250, ஜூன் 26. மனு போட்டவர் அவுரேலியு தியோகேனெஸ், அலெக்சாந்தர் தீவு என்ற கிராமத்துக்காரர். வயது 72. வலது புருவத்தில் ஒரு தழும்பு. நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவார்களே, அதே மாதிரிதான். ஊர்ப் பலி அதிகாரிகளுக்கு அவர் எழுதியதன் சாரம் இதுதான்: நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன். இப்போதும் ஆணையில் சொன்னபடி உங்கள் கண்முன்னால் பலியிட்டேன், பானம் வார்த்தேன், பலிப்பொருளைச் சுவைத்தேன். இதற்குச் சான்று தர வேண்டுகிறேன். கீழே, நேரில் பார்த்ததாக இன்னொருவரின் ஒப்பம்.

249-இல் ரோமப் பேரரசரான தேசியு போட்ட ஆணை அது. பேரரசின் குடிகள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானோருக்கு அது ஒரு நாள் அலைச்சலோடு போயிற்று. கோவில் பூசாரிணி ஒருத்தியே வாங்கிய சான்றிதழ்கூடக் கிடைத்திருக்கிறது. ஒரே கடவுளை வணங்குகிறோம் என்று ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுத்திருந்த கிறிஸ்தவர்களுக்குத்தான் ஒரு சிட்டிகை சாம்பிராணி மலையாகக் கனத்தது. மறுத்தவர்களுக்குச் சிறை, சொத்துப் பறிப்பு, சித்திரவதை. ரோமாபுரியின் ஆயர் பபியான் 250 ஜனவரியிலேயே உயிர் விட்டார்.

கிறிஸ்தவத்தில் பாடுகளைச் சகிப்பது என்றால் என்ன, உண்மையான மனந்திரும்புதல் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தச் சான்றிதழில்தான் தொடங்குவேன். காரணம், இரண்டு கேள்விகளும் ஒரே வருடத்தில், ஒரே ஆட்கள் மேல் வந்து விழுந்தன. சகித்தவர்கள் இருந்தார்கள். சகிக்க முடியாமல் விழுந்தவர்கள் அதைவிட அதிகம். விழுந்தவர்கள் மறுபடி வாசலில் வந்து நின்றபோது சபை திண்டாடிப் போயிற்று. அந்தத் திண்டாட்டத்துக்கு வருவதற்குமுன் சில வார்த்தைகளைச் சரிபண்ணிக்கொள்ளலாம்.

முதலில் ‘பாடு’. ‘படாத பாடு பட்டேன்’ என்று எல்லோரும் சொல்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதே சொல்லைப் பன்மையில் வைத்து ‘கிறிஸ்துவின் பாடுகள்’ என்கிறார்கள். கைதான தோட்டமான கெத்செமனேயிலிருந்து சிலுவை வரை அவர் அனுபவித்ததெல்லாம் அதில் அடக்கம். ஆகவே கிறிஸ்தவர் ஒருவர் ‘பாடு’ என்று சொல்லும்போது, தன் கஷ்டம் தனியாக நிற்கவில்லை, ஏற்கெனவே ஒருவர் நடந்துபோன வழியில்தான் இருக்கிறது என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

சகிப்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘ஹுப்போமொனே’ என்று ஒரு சொல். பிரித்தால், கீழே தங்கியிருத்தல். சுமையைத் தூக்கியெறிந்து ஓடாமல் அதன்கீழ் நிற்பது. தமிழ் வேதாகமம் இதைப் ‘பொறுமை’ என்கிறது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்கும் என்று ரோமருக்கு எழுதும்போது அப்போஸ்தலர் பவுல் சொல்வது இந்தப் பொறுமையைத்தான். பேருந்து வரும்வரை காத்திருக்கும் பொறுமை வேறு.

புதிதாகப் படிப்பவர்கள் இங்கே ஒரு பள்ளத்தில் விழுவதுண்டு. ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் அவர் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம். சாவு வீட்டுத் திண்ணையிலும் ஆஸ்பத்திரி வராந்தாவிலும் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. ‘மனந்திரும்புங்கள் ஐயா, எல்லாம் சரியாகும்’ என்று படுக்கையில் கிடப்பவரிடமே ஜெபிக்க வந்தவர் சொல்லிவிட்டுப் போவார். இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. சீலோவாமில் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் செத்தார்களே, அவர்கள் எருசலேமில் மற்ற எல்லோரையும்விடக் குற்றவாளிகளா என்று அவரே எடுத்துக் கேட்டு, இல்லை என்றார். அத்தோடு நிறுத்தாமல், நீங்கள் மனந்திரும்பாவிட்டால் நீங்களும் அப்படியே கெட்டுப்போவீர்கள் என்றார். அதாவது செத்தவனின் கணக்கைப் பார்க்காதே, உன் கணக்கைப் பார் என்கிறார். துன்பமும் மனந்திரும்புதலும் பக்கத்தில் பக்கத்தில் வருகிற இடங்களில் இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

பழைய ஏற்பாட்டில் வரும் யோபுவின் கதையும் இதைத்தான் நீட்டிச் சொல்கிறது. பிள்ளைகளை இழந்து, உடம்பெல்லாம் பருக்களோடு சாம்பலில் உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ஒன்றும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். வாயைத் திறந்ததும், நீ ஏதோ செய்திருக்கிறாய், ஒத்துக்கொள் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கடைசியில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள் மேல்தான் போகிறது.

சரி, கடவுள் நம்மைக் கண்டித்துத் திருத்துவார் என்றும் வேதம் சொல்கிறதே? சொல்கிறது. எபிரெயருக்கு எழுதிய நிருபத்தின் (கடிதத்தின்) 12-ஆம் அதிகாரம் அதற்குச் ‘சிட்சை’ என்ற பழைய சொல்லைப் பயன்படுத்துகிறது. அப்பாவின் சொத்தைப் பிரித்து வாங்கி அழித்த கெட்ட குமாரனைப் பற்றி இயேசு சொன்ன கதையிலும் பஞ்சம் வந்து, பன்றிக்குப் போடும் தவிடுகூடக் கிடைக்காமல் போனபிறகுதான் பையனுக்குப் புத்தி தெளிகிறது. ஒருவர் தன் கஷ்டத்தைப் பார்த்துத் ‘தேவன் என்னோடு பேசுகிறார்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் கஷ்டத்தைக் காட்டி அதையே சொன்னால் யோபுவின் நண்பர்கள் வரிசையில் போய் உட்கார வேண்டியதுதான்.

பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று நினைப்பதும் தப்பு. சங்கீதங்களில் ஏராளமானவை புலம்பல்கள். ‘கர்த்தாவே, எதுவரைக்கும்?’ என்று 13-ஆம் சங்கீதம் கேட்கிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் இருட்டில் முடிகிறது, அதையும் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். தன் உடம்பில் இருந்த ஒரு முள் நீங்க வேண்டும் என்று பவுல் மூன்று முறை மன்றாடினார். முள் போகவில்லை. ‘என் கிருபை உனக்குப்போதும்’ என்ற பதில் வந்தது. தானாகப் போய்த் துன்பத்தில் குதிக்கவும் பவுல் சொல்லவில்லை. தமஸ்குவில் கொல்லப் பார்த்தபோது இரவில் மதில் வழியாகக் கூடையில் இறங்கித் தப்பினார். எருசலேமில் சவுக்கால் அடிக்க வாரினால் கட்டியபோது, விசாரிக்காமல் ரோமக் குடிமகனை அடிப்பது சட்டமா என்று கேட்டுத் தடுத்தார். அடிக்கிற புருஷனிடம் ‘பொறுத்துப் போம்மா, சிலுவை சுமக்கிறது அதுதான்’ என்று பெண்ணைத் திருப்பி அனுப்புகிற பெரியவர்கள் இந்த இரண்டு சம்பவங்களையும் ஒருமுறை வாசிக்கலாம்.

அடுத்து ‘மனஸ்தாபம்’. இன்று அவர்களுக்குள் மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்குள் பேச்சு வார்த்தை இல்லை என்று அர்த்தம். பழைய கிறிஸ்தவத் தமிழில் அது வேறு: செய்ததை நினைத்து மனம் வேகுவது. கத்தோலிக்கர்கள் இன்றும் சொல்லும் உத்தம மனஸ்தாப மந்திரத்தில் இருப்பது அந்த அர்த்தம்தான். புரோட்டஸ்டன்ட் வேதாகமத்தில் இந்தச் சொல்லும் ‘மனந்திரும்புதல்’ என்ற சொல்லும் ஒரே வசனத்தில் வருகின்றன: ‘தேவனுக்கேற்ற துக்கம் பின்பு மனஸ்தாபப்படுகிறதற்கு இடமில்லாமல் இரட்சிப்புக்கேதுவான மனந்திரும்புதலை உண்டாக்குகிறது.’ கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபம், 7-ஆம் அதிகாரம். வருத்தம் ஒன்று, திரும்புதல் இன்னொன்று.

மனந்திரும்புதலுக்குக் கிரேக்கத்தில் ‘மெட்டனோயியா’, மனம் மாறுவது. எபிரெயத்தில் அதற்கு இணையாகப் பெரும்பாலும் வரும் ‘ஷூப்’ இன்னும் எளிது. போய்க்கொண்டிருந்த வழியில் நின்று, திரும்பி, வந்த வழியே நடப்பது. காலால் செய்கிற வேலை. தமிழில் ‘மனம்’, ‘திரும்புதல்’ இரண்டையும் சேர்த்துக் கட்டியவர் யாரோ, நன்றாகவே கட்டியிருக்கிறார்.

யூதாசையும் பேதுருவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது புரியும். இருவரும் இயேசுவின் சீஷர்கள். யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்தான், பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்தான். இரண்டு பேருமே உடைந்தார்கள். உண்மையில் யூதாஸ் செய்தது முதல் பார்வைக்கு அதிகம். மனஸ்தாபப்பட்டான், முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், பாவஞ்செய்தேன் என்று வாயால் சொன்னான். ஆனால் சொன்னது பிரதான ஆசாரியர்களிடம். ‘எங்களுக்கென்ன, அது உன்பாடு’ என்று அவர்கள் கையை விரித்தார்கள். அங்கிருந்து அவன் இயேசுவின் பக்கம் போகவில்லை, கயிற்றைத் தேடிப் போனான்.

பேதுரு அழுததோடு சரி. அப்புறம் மற்ற சீஷர்களோடேயே சுற்றிக்கொண்டிருந்தான், மீன் பிடிக்கப் போனான். யோவான் எழுதியதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. மறுதலித்த இரவில் பேதுரு குளிர்காய்ந்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில். உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் அவனுக்காகக் காத்திருந்தபோதும் கரிநெருப்புதான் எரிந்தது, மேலே மீன், கூட அப்பம். சாப்பிட்டு முடித்த பின், நீ என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார். மூன்றாம் தடவை பேதுருவுக்கு வலிக்கிறது. மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்வி. ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று ஒரு வார்த்தை இல்லை.

பழைய ஏற்பாட்டில் இதேபோல இன்னொரு ஜோடி, இஸ்ரவேலின் அரசர்களான சவுலும் தாவீதும். அமலேக்கியரின் கால்நடைகளை விட்டுவைக்கக் கூடாது என்ற கட்டளையைச் சவுல் மீறினான். எல்லாம் முடித்தாயிற்று என்று அவன் தீர்க்கதரிசி சாமுவேலிடம் சொல்லும்போதே பின்னால் ஆடுகள் கத்துகின்றன. முதலில் ஜனங்கள்மேல் பழியைப் போடுகிறான். மாட்டிக்கொண்ட பிறகு பாவஞ்செய்தேன் என்கிறான். உடனே அடுத்த மூச்சில், ஊர் மூப்பர்கள் முன்பாக என் மரியாதையைக் காப்பாற்றும் என்று கேட்கிறான். தாவீது செய்தது சவுல் செய்ததைவிடக் கொடூரம். பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையைத் தீர்க்கதரிசி நாத்தான் சொல்ல, கோபம் வந்து, நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தாவீது தீர்ப்புச் சொன்னான். ‘நீயே அந்த மனுஷன்’ என்றார் நாத்தான். கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன் என்று மட்டும் தாவீது சொன்னான். சமாதானம் சொல்லவில்லை, மானத்தைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

மன்னிப்புக் கிடைத்தது. விளைவு நீங்கவில்லை. குழந்தை செத்தது, குடும்பம் சிதறியது, மகன் அப்சலோமே துரத்தினான். வெறுங்காலோடு அழுதுகொண்டே ஒலிவமலை ஏறி ஊரைவிட்டு ஓடுகையில், சீமேயி என்பவன் கல்லெறிந்து, இரத்தப்பிரியனே போ போ என்று தூஷித்தான். அவன் தலையை வாங்கட்டுமா என்று கூட இருந்தவன் கேட்டான். விடு, அவன் தூஷிக்கட்டும் என்றான் தாவீது. சகிப்பும் மனந்திரும்புதலும் ஒரே ஆளிடம் சந்திக்கிற காட்சி இது. மனந்திரும்பியவன் தன் செயலின் விளைவைச் சுமக்கும்போது ‘அதான் மன்னிப்புக் கேட்டுவிட்டேனே’ என்று சிடுசிடுப்பதில்லை.

இப்போது 250-க்குத் திரும்புவோம். வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரம், அங்கே ஆயர் சிப்ரியான். ஆணை வந்ததும் அவர் தலைமறைவானார். ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் வேறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார் என்பது அவர் பக்க நியாயம். மேய்ப்பன் ஓடிவிட்டான் என்று பேசியவர்களும் இருந்தார்கள். ஒளிந்திருந்த இடத்திலிருந்து கடிதம் எழுதித்தான் சபையை நடத்தினார்.

ஊரில் நடந்ததை அவரே பிறகு வேதனையோடு எழுதினார். பலர் பிடித்து இழுக்கப்படும்வரைகூடக் காத்திருக்கவில்லை, தாங்களாகவே பலிமேடைக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்களாம். வேறு சிலர் சித்திரவதையில் கடைசிவரை போராடி உடைந்தவர்கள். மூன்றாவது ரகம் சாமர்த்தியசாலிகள். பலி எதுவும் இடாமல், காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். நான் கும்பிடவே இல்லையே, வெறும் தாள்தானே என்பது இவர்கள் வாதம். அந்தத் தாளே ஒரு மறுதலிப்பு என்றார் சிப்ரியான். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து வைத்த பெயர் ‘விழுந்தவர்கள்’.

நெருக்கடி தணியத் தொடங்கியதும் விழுந்தவர்கள் திரும்பிவந்து, சபையின் திருவிருந்தான நற்கருணைக்குக் கை நீட்டினார்கள். சிலர் கையில் கடிதமும் இருந்தது. சிறையில் சித்திரவதையைத் தாங்கி நின்றவர்களுக்குச் சபையில் பெரிய மதிப்பு. அவர்களிடம் போய்ச் சிபாரிசு வாங்கி வந்திருந்தார்கள். ‘இன்னாரையும் அவருடையவர்களையும் சேர்த்துக்கொள்ளவும்’ என்கிற ரீதியில் சில கடிதங்கள். இப்படி எழுதினால் இருபது முப்பது பேர் உள்ளே வந்துவிடலாமே என்று சிப்ரியான் அலுத்துக்கொண்டார். ஒருவன் சகித்ததை இன்னொருவனின் மனந்திரும்புதலுக்கு ஈடு வைக்க முடியுமா என்பதுதான் உள்ளே இருந்த கேள்வி. முடியாது என்று அவர் நின்றார். நிற்க வேண்டிய இடம்தான்.

அவர் கேட்டது அடையாளங்களை. சாம்பலும் கோணியும் உபவாசமும் தர்மமும் அந்தக் காலத்து அடையாளங்கள். துக்கம் கொண்டாடுகிறேன் என்று சொல்பவர் தினமும் குளியல் மண்டபத்துக்குப் போகிறார், விருந்தில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு மறுநாள் ஏப்பம் விடுகிறார், இவரா மனம் வருந்துகிறவர் என்று கிண்டலாகவே எழுதினார்.

எதிர்முனையில் ரோமாபுரியில் நோவாசியான் என்ற குரு. விழுந்தவர்களுக்குச் சபை பாவமன்னிப்பு வழங்கவே முடியாது, கடவுளிடம் விட்டுவிட வேண்டும் என்றார். 251-இல் போட்டி ஆயராகி ஒரு பிரிவையே உண்டாக்கினார். அவரைப் பின்பற்றியவர்கள் தங்களைத் ‘தூயவர்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். பேர் அழகுதான், ஆனால் அந்தக் கணக்கில் பேதுருவுக்கே இடம் கிடைத்திருக்காது. அதே ஆண்டு கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் நடுவழி ஒன்று கண்டார்கள். ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாக விசாரிப்பது. காசுக்குத் தாள் வாங்கியவர்களைத் தவத்துக்குப் பின் சேர்ப்பது. பலியிட்டவர்கள் நீண்ட தவத்தில் இருப்பது, சாகும் தறுவாயில் சேர்ப்பது. ஓரிரு ஆண்டில் அடுத்த துன்புறுத்தல் வரும்போலத் தெரிந்ததும் அதையும் தளர்த்தி, மனம் வருந்தித் தவத்தில் நின்ற எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். போருக்குப் போகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது காரணம்.

கனி இருக்கிறதா என்று பார்க்கும் இந்தப் பழக்கத்தை சிப்ரியான் கண்டுபிடிக்கவில்லை. மனந்திரும்புதலுக்கேற்ற கனிகளைக் கொடுங்கள் என்று யோவான் ஸ்நானகன் யோர்தான் கரையில் கத்தியபோது, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஜனங்கள் கேட்டார்கள். பதில்கள் எல்லாம் அன்றாடச் சமாச்சாரம். இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. வரி வசூலிப்பவனே, விதித்ததற்கு மேல் வாங்காதே. சேவகனே, யாரையும் மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு. எரிகோவில் இயேசுவைச் சந்தித்த வரிவசூல் தலைவன் சகேயு ஒருபடி மேலே போனான். தானாக ஒத்துக்கொண்டால் எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுத்தால் போதும் என்கிறது மோசேயின் சட்டம். ஆட்டைத் திருடி அறுத்தவனுக்குத்தான் நாலு மடங்கு. சகேயு தன்னைத்தானே ஆட்டுத் திருடன் கணக்கில் எழுதிக்கொண்டு நாலத்தனையாகத் தருகிறேன் என்றான், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுத்தது போக.

இன்று சபைக்குச் சபை வழி மாறும். கத்தோலிக்கர் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறார்கள், இப்போது அதை ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். மனத்துயர், அறிக்கை, பரிகாரம் மூன்றும் அதில் உண்டு. புரோட்டஸ்டன்ட் சபைகளில் ஆராதனையில் எல்லோருமாகச் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வதுண்டு. விசுவாசியின் வாழ்க்கை முழுவதுமே மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது 1517-இல் லுத்தர் எழுதிய 95 வாசகங்களில் முதலாவது. தவக்காலம், லெந்து நாட்கள் என்று எப்படிச் சொன்னாலும் அந்த நாற்பது நாளும் இதற்கான பயிற்சிதான்.

சிப்ரியான் என்ன ஆனார்? வலேரியன் பேரரசராக இருந்தபோது மறுபடி துன்புறுத்தல். 257-இல் அவரை நாடுகடத்தினார்கள், மறு ஆண்டு கார்த்தேஜிலேயே விசாரணைக்கு நின்றார். 258 செப்டம்பர் 14 அன்று தீர்ப்பு வாசிக்கப்பட்டதும், தேவனுக்கு நன்றி என்றார். தன் தலையை வெட்டப் போகிறவனுக்கு 25 பொற்காசு கொடுக்கச் சொன்னார்.

விழுந்தவர்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் காஸ்து, எமிலியு என்று இரண்டு பேர் வருகிறார்கள். முதல் தடவை நெருப்பின் வேதனை தாங்காமல் தோற்றுப்போனவர்கள். இரண்டாம் தடவை பிடித்தபோது அதே நெருப்பு. இந்தத் தடவை அவர்கள் அசையவில்லை.